மண் தரை முதல் சிமென்டுத் தளம் வரை: நம் ஆலய விளையாட்டு முற்றத்தின் கதை

யூபிலி மலர் என்றால் பீடத்தின் வரலாறு, மணிக்கூண்டின் வரலாறு, பங்கை வழிநடத்திய சுவாமிமார்களின் வரிசை, மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை ஆகியவற்றின் சேவை என்று எழுதுவதே வழக்கம். மலர்க்குழுவில் நாம் ஆலயத்தின் பக்கத்து முற்றத்தைப் பற்றி, அதாவது நம் பிள்ளைகள் பந்தாடும் அந்தச் சிமென்டுத் தளத்தைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னபோது, சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பலரும் சிறு வயதில் அங்கே முழங்காலைச் சிராய்த்துக் கொண்டவர்களே என்பதால் நமக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை.

லாங் பஜாரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. வீட்டுக்கு முன்னால் கடை. கடைக்கு முன்னால் தெரு. தெருவை அடைத்துக்கொண்டு மூட்டை இறக்கும் லாரி. பந்தை ஒருமுறை உதைத்தால் அது பருப்புக் கடைக்குள்ளோ சாக்கடைக்குள்ளோதான் போய் நிற்கும். ஆகையால் ஆலய முற்றம் ஒன்றே இப்பகுதிச் சிறுவர் சிறுமியருக்கு ஓடுவதற்கென்று கிடைத்த இடம். எல்லா மதத்துப் பிள்ளைகளும் அங்கே ஆடியிருக்கிறார்கள், ஆடுகிறார்கள்.

இந்த யூபிலி ஆண்டில் அந்த முற்றத்தைப் பற்றி இரண்டு பேச்சுகள் எழுந்துள்ளன. ஒன்று, பெருவிழாப் பந்தலுக்குக் கால் நட அதில் குழி தோண்டலாமா என்பது. மற்றது, விழா முடிந்தபின் அதை வண்டிகள் நிறுத்தும் இடமாகவே வைத்துக்கொண்டால் என்ன என்பது. இரண்டும் பங்குப் பேரவையில் முடிவாக வேண்டியவை. முடிவு செய்வோர் கையில் இவ்வரலாறு இருக்கட்டும் என்றே எழுதுகிறோம்.

கதையைக் கொஞ்சம் தொலைவிலிருந்து, இத்தாலியின் தூரின் நகரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 1841-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் இளங்குருவான தொன் போஸ்கோ ஓர் ஏழைச் சிறுவனைச் சந்தித்து ஞானோபதேசம் சொல்லித்தரத் தொடங்கினார். ஒருவன் பலரானான். பிள்ளைகள் கூடினால் சத்தம் வரும். சத்தம் வந்தால் அக்கம் பக்கத்தாருக்குப் பொறுக்காது. கல்லறைத் தோட்டத்துக் கோயில், மாவு ஆலைப் பக்கம், வாடகை அறைகள் என்று இடம் மாறி மாறி, கடைசியில் பிலிப்பி சகோதரர்கள் என்பவர்களின் புல்வெளி ஒன்றை அவர் வாடகைக்குப் பிடித்தார். அங்கேயும் நீடிக்கவில்லை. பிள்ளைகள் ஓடி ஓடி மிதித்ததில் புல்லின் வேர்கூடச் செத்துப் போகிறது, நிலம் கட்டாந்தரையாகிறது என்று சொல்லி உடைமையாளர்கள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். 1846-ஆம் ஆண்டு ஏப்ரல் 12, பாஸ்குத் திருநாளன்று அவர் பினார்தி என்பவரின் கொட்டகைக்கும் அதையொட்டிய நிலத்துக்கும் குடிபுகுந்தார். அதுவே உலகமறிந்த வால்டோக்கோ.

புல் செத்ததைப் பற்றிய இந்தச் சிறு செய்தியைப் பலரும் கவனிப்பதில்லை. நமக்கோ இதில்தான் முழு விஷயமும் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. பிள்ளைகள் அதிகம் ஆடும் இடத்தில் புல் நில்லாது. மைதானம் தானாகவே கெட்டித் தரையாகிவிடும். அந்தக் கெட்டித் தரையை மேடு பள்ளமில்லாமல், புழுதியில்லாமல், காலை வழுக்காமல் எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் அன்று முதல் இன்று வரை கேள்வி.

தொன் போஸ்கோவின் சலேசிய சபையார் 1906-ஆம் ஆண்டு தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தனர். 1928-இல் அச்சபையைச் சேர்ந்த மெதர்லே ஆண்டகை சென்னைப் பேராயரானார். அப்போது நமது வட ஆர்க்காட்டுப் பகுதியும் சென்னை மேற்றிராசனத்தில் அடங்கியிருந்தது. 1951-இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி, 1952 நவம்பர் 13-இல் வேலூர் தனி மறைமாவட்டம், 1954-இல் காட்பாடியில் சலேசிய சகோதரிகளின் ஆக்சிலியம் கல்லூரி என்று அடுத்தடுத்து வந்தன. நம் மறைமாவட்டத்தின் முதல் ஆயரான பாப்லோ மரியசெல்வம் ஆண்டகையும் சலேசியரே. சலேசியர் கால் வைத்த இடத்தில் கோயிலுக்கும் பள்ளிக்கும் கூடவே ஒரு விளையாட்டு முற்றமும் வந்துவிடும் என்பது நம்மவர் அறிந்த ஒன்று. பிள்ளைகளை ஆட விட்டு, குருவானவரும் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களோடு ஓடுவது அவர்களுடைய முறை.

ஆனால் அந்த முற்றங்களில் ஆடப்பட்ட ஆட்டங்கள் வேறொரு வழியாக வந்தவை. அவ்வழியைத் திறந்தவர்கள் கத்தோலிக்கர் அல்லர் என்பதையும் நன்றியோடு சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 1891 டிசம்பரில், குளிர்காலத்தில் கூரைக்குள்ளேயே ஆடுவதற்கென்று பீச் பழக்கூடை இரண்டை 10 அடி உயரத்தில் மாட்டிக் கூடைப்பந்தை உண்டாக்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து 1895-இல் அருகிலுள்ள ஹோல்யோக் நகரில் வில்லியம் மார்கன் கைப்பந்தை உண்டாக்கினார். அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய வீரர்களை அழைத்துச் சென்றவரும் அவரே. அக்கல்லூரியில் பயின்ற டிரில் மாஸ்டர்கள் மாகாணம் முழுதும் பள்ளிகளுக்குப் போனார்கள். ஊதுகுழலும் வெள்ளைக் கால்சட்டையுமாக நம் ஊர்ப் பள்ளிகளில் நின்ற அந்த மாஸ்டர்களை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

கூடைப்பந்து பலகை வேய்ந்த உள்ளரங்கிற்காகப் பிறந்த ஆட்டம். பந்தைத் தரையில் தட்டித் தட்டித்தான் ஓட வேண்டும். தரை கெட்டியாக இல்லாவிட்டால் பந்து எழும்பாது. பந்து எழும்பாவிட்டால் ஆட்டமே இல்லை. கைப்பந்து அப்படியல்ல. பந்து தரையைத் தொட்டால் புள்ளி போயிற்று, அவ்வளவுதான். ஆகையால் கைப்பந்தும் கபடியும் பாலாற்றுப் படுகை மணலிலும் அறுவடை முடிந்த வயலிலும்கூடப் பரவின. கூடைப்பந்தோ எங்கே நல்ல தரை போட முடிந்ததோ அங்கே மட்டும் நின்றது. நம் மாநிலத்தில் அது கல்வி நிலையங்களையும் கோயில் முற்றங்களையும் சுற்றியே பெரிதும் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

சிமென்டு வருவதற்கு முன் கெட்டித் தரை என்றால் மண் தரைதான். அதை இளப்பமாக நினைக்க வேண்டாம். நெல் அடிக்கும் களத்தையும் வீட்டு வாசலையும் பராமரித்த அதே அறிவுதான் இங்கும் பயன்பட்டது. களிமண்ணை உடைத்துச் சலித்து, மணலைச் சேர்த்து, நீர் தெளித்து, ஈரம் பாதி உலர்ந்த பதத்தில் கல் உருளையை இழுக்க வேண்டும். ஈரம் அதிகமிருந்தால் உருளையில் மண் ஒட்டிப் பெயர்ந்து வரும். குறைந்தால் உருளை மேலே ஓடுமே தவிர மண் இறுகாது. அந்தப் பதம் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு இடத்திலும் இருந்தார். களிமண் மட்டும் போட்டால் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மணல் மட்டும் போட்டால் நிற்காது. மேலே சாணம் கரைத்து மெழுகினால் புழுதி அடங்கும். புழுதி பறக்காதிருக்க உப்புத் தூவுவதும் உண்டு. உப்பு காற்றின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உப்பைப் பற்றித் தோல் தொழில் செய்யும் நம் ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மண் தரையின் செல்லப்பிள்ளை என்று பூப்பந்தைத்தான் சொல்ல வேண்டும். தஞ்சை அரச குடும்பத்தார் ஆடத் தொடங்கியது என்று சொல்லப்படும் இவ்வாட்டத்திற்கு 1954-இல் அகில இந்திய சம்மேளனம் அமைந்தது. பக்கத்துக்கு 5 பேர். 24 மீட்டருக்கு 12 மீட்டர் களம். மஞ்சள் கம்பளி நூல் பந்து. அந்தப் பந்து 30 கிராமுக்கு மேல் போகாது. ஈரத் தரையில் ஒருமுறை விழுந்தாலே கம்பளி நீரைக் குடித்துக் கனத்துவிடும். புழுதியில் புரண்டால் நிறம் கெட்டு மாலை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஈரமும் இல்லாமல் புழுதியும் இல்லாமல் தரையை வைத்திருப்பது ஒரு தனிக் கலை. காலையில் நீர் தெளித்தால் மாலை ஆட்டத்துக்குச் சரியாக இருக்கும். வேலூர்ச் சித்திரை வெயிலில் காலையில் தெளித்தது பத்து மணிக்கே போய்விடும் என்பதால் மதியம் மறுபடியும் தெளிக்க வேண்டும். நம் முற்றத்திலும் முதலில் இருந்தது மண் தரைதான் என்றும், ஆட வருகிறவன் ஆளுக்கு இரண்டு குடம் நீர் ஊற்றினால்தான் மட்டையைத் தொடலாம் என்று ஒரு சட்டமே இருந்தது என்றும் நம் மூத்தோர் சொல்வார்கள்.

மண் தரையின் பகை மழை. இதற்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி ஒன்று உண்டு. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஜெர்மானியர் அதைக் கூரைக்குள் நடத்தாமல், களிமண்ணும் மணலும் கலந்த டென்னிஸ் களங்களில் திறந்தவெளியில் நடத்தினார்கள். ஆகஸ்டு 14-ஆம் நாள் அமெரிக்காவும் கனடாவும் மோதிய இறுதி ஆட்டத்தன்று மழை கொட்டியது. களம் சேறாயிற்று. பந்தைத் தட்டினால் அது சேற்றில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பந்தைத் தட்டவே முடியாமல் கையிலிருந்து கைக்கு எறிந்து எறிந்து ஆடினார்கள். முடிவு 19-க்கு 8. இன்று நம் பங்கின் சிறுவர்கள்கூட அரை மணியில் அதைவிட அதிகம் போட்டுவிடுவார்கள். ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் வயோதிகராக அந்த ஒலிம்பிக்கிற்கு வந்திருந்தார். குளிரிலும் மழையிலும் சிக்காமல் ஆடவென்றே அவர் உண்டாக்கிய ஆட்டம் மழைச் சேற்றில் ஒலிம்பிக் இறுதிக்கு வந்து நின்றது!

நம்மிடம் உள்ளரங்கு கட்டப் பணம் இல்லை. ஆகையால் தமிழ்நாட்டுப் பள்ளிகளும் பங்குகளும் கண்ட வழி, திறந்தவெளியிலேயே சிமென்டுத் தளம் போடுவது. மழை நின்ற அரை மணியில் துடைப்பத்தால் தள்ளிவிட்டு ஆடலாம். குடம் சுமக்க வேண்டாம், உருளை இழுக்க வேண்டாம், சாணம் மெழுக வேண்டாம். நம் முற்றமும் இவ்விதமே மாறியது. அன்று தளம் போட ஜல்லி சுமந்தவர்கள் பங்கு வாலிபர்கள்; அவர்களில் சிலர் இன்று பேரப்பிள்ளைகளைத் திருப்பலிக்கு அழைத்து வருகிறார்கள்.

இங்கேதான் நாம் ஒரு தவறு செய்தோம். மண் தரைக்கு நாள்தோறும் கவனிப்பு வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சிமென்டு போட்டதும், அதற்கு ஒன்றும் வேண்டாம் என்று நினைத்துவிட்டோம். உருளை மூலையில் கிடந்து ஒருநாள் காணாமற் போயிற்று. பதம் தெரிந்தவரும் காலமானார். அவருடைய இடத்தில் யாரும் இல்லை. கெட்டித் தளத்துக்கும் பராமரிப்பு உண்டு, அது வேறு விதமானது, அவ்வளவே.

முதலாவது வெயில். கான்கிரீட்டு சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். முழு அளவுள்ள கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். மே மாத நடுப்பகலுக்கும் மார்கழி விடியலுக்கும் இடையே தளத்தின் சூட்டில் 30 டிகிரி வித்தியாசம் வந்தால், 28 மீட்டர் தளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். இடம் கொடுக்காவிட்டால் அது தானே இடம் தேடிக்கொண்டு வெடிக்கும். அதற்காகத்தான் தளத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நடுவே இடைவெளி விட்டுத் தார் ஊற்றுவார்கள். அந்தத் தார் சில ஆண்டுகளில் காய்ந்து பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடத்தில் கல்லும் மணலும் புகுந்து இறுகினால் இடைவெளி இருந்தும் இல்லாத கணக்கு. ஆகையால் இரண்டொரு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைக் கிளறி எடுத்து, ஊதித் துப்புரவாக்கி, புதுத் தார் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது நீர். தளத்துக்கு வாட்டம் வேண்டும் என்று கொத்தனார்கள் சொல்வார்கள். 10 அடிக்கு 1 அங்குலம் வீதம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் போதும். ஆடுகிறவன் கண்ணுக்குத் தெரியாது, மழைநீருக்குத் தெரியும். 15 மீட்டர் அகலத்துக்கு இது 5 அங்குலம் வரும். நடுவில் உயர்த்தி இருபுறமும் சரிப்பது தெருவுக்குச் சரி, களத்துக்குச் சரியல்ல. நீர் தேங்கினால் பாசி பிடிக்கும். பாசி படிந்த சிமென்டைப்போல் எலும்பை முறிக்கும் தரை வேறில்லை. ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினால் அது தீரும்.

வழுக்கலைப் பற்றிச் சொல்லும்போது நம் கொத்தனார்களின் கைத்திறனையும் சொல்லியாக வேண்டும். கரணையால் கண்ணாடிபோல் இழைத்துப் பால் விட்டு முடித்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. வீட்டுக் கூடத்துக்கு அது அழகு. விளையாட்டுத் தளத்துக்கு வேண்டியது சொரசொரப்பு. பூச்சு இறுகுமுன் விளக்குமாற்றை ஒரே திசையில் இழுத்துக் கோடு விட வேண்டும். வேலையை அரைகுறையாக விட்டதாக ஊர் சொல்லுமே என்று கொத்தனார் தயங்குவார். நாம் பக்கத்தில் நின்று வற்புறுத்த வேண்டும்.

மூன்றாவது நம் தோல் பிரதேசத்துக்கே உரிய துன்பம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களுக்குச் சோறு போட்டது தோல். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வருகிறது. டேனரியில் அந்த உப்பைக் கழுவுகிறார்கள். கழுவிய நீர் நெடுங்காலம் பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கியது. 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்து, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நியமத்தை நாட்டுக்கே சட்டமாக்கியதை நாம் அறிவோம். குடிநீரைப் பற்றிய அந்தப் பெரிய வழக்குக்கு முன் விளையாட்டுத் தளம் அற்ப விஷயம்தான். ஆயினும் அந்த உப்பு தளத்தையும் விடுவதில்லை. கான்கிரீட்டுக் கலக்கும் நீரில் குளோரைடு அளவு லிட்டருக்கு, கம்பி இல்லாத வேலையில் 2000 மில்லிகிராமுக்கும், கம்பி உள்ள வேலையில் 500 மில்லிகிராமுக்கும் மிகலாகாது என்று 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி 456 சொல்கிறது. உப்பு மிகுந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து மேற்பூச்சைத் தள்ளிவிடும். கம்பி இல்லாத தளத்திலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். மேலே அடித்த பெயின்டு நிற்காது. ஆகையால் நம் ஊரில் தளம் போடுகிறவர் முதலில் சோதிக்க வேண்டியது போர்வெல் நீரை. வாயில் வைத்தால் கரிக்கும் நீரைத் தளத்துக்கு ஊற்றலாகாது.

தோலைச் சொன்னதால் பந்தையும் சொல்லிவிடுவோம். தோல் பந்தைச் சொரசொரத்த சிமென்டில் ஆடினால் அது சீக்கிரத்தில் மேல்தோல் உரிந்து வழுவழுப்பாகி, பிறகு தையல் விடும். அதனால் திறந்தவெளித் தளத்துக்கு ரப்பர் பந்தே வழக்கமாயிற்று. உலகத்துக்குச் செருப்பும் ஷூவும் தோல் பையும் அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு நம் பிள்ளைகள் ரப்பர் பந்தை வெறுங்காலோடு தட்டினார்கள் என்பது சற்றே வேடிக்கைதான். சித்திரை மாதத்து இரண்டு மணித் தளத்தில் வெறுங்காலை வைத்தவனுக்கு உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றித் தனியாக உபதேசிக்க வேண்டியதில்லை.

தரை மாறினால் ஆட்டமே மாறும் என்பதற்கு நமது வட்டாரத்தோடு தொடர்புடைய ஒரு கதை உண்டு. ஹாக்கியில் உலகை ஆண்ட இந்தியா 1976-இல் மான்ட்ரியாலில் 7-ஆம் இடத்துக்கு இறங்கியது. ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரையில் ஆடப்பட்டது அங்கேதான் முதல் முறை. நம்மவர் பழகியது புல்லும் கட்டாந்தரையும். பந்தின் வேகம் வேறு, துள்ளல் வேறு, ஓட்டம் வேறு. நான்கு ஆண்டுகளில் 1980 மாஸ்கோவில் செயற்கைத் தரையிலேயே இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-க்கு 3 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றபோது, அணித்தலைவராக நின்றவர் வாசுதேவன் பாஸ்கரன். நம் பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் ஆரணியில் பிறந்து, சென்னை லயோலாக் கல்லூரியில் பயின்றவர். பல சிறந்த நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன என்பது மெய்யே. ஆனாலும் பழகாத தரையைப் பழகிக்கொண்டார்கள் என்ற பெருமையை அவர்களிடமிருந்து எடுத்துவிட முடியாது.

சிமென்டின்மேல் நிறப்பூச்சுப் பூசிய அக்ரிலிக் தளம் இப்போது நம் ஊர்ப் பள்ளிகள் சிலவற்றுக்கும் வந்திருக்கிறது. முழங்காலுக்கு நல்லது, கண்ணுக்கும் அழகு. பங்கில் அதைக் கேட்கும் வாலிபர்கள் உண்டு. நாம் தடையாக நிற்கவில்லை. ஆனால் அடியில் உள்ள சிமென்டு வெடித்திருந்தால் மேலே பூசியதும் அதே கோட்டில் வெடிக்கும். அடியிலிருந்து ஈரமும் உப்பும் ஏறினால் பூச்சு கொப்பளித்து உரியும். எனவே எந்த வழியாகப் போனாலும் முதலில் இருக்கிற தளத்தைச் சீர் செய்துதான் ஆக வேண்டும்.

இனி நம் தளத்தின் இன்றைய நிலை. மலர்க்குழுவினர் நால்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சுண்ணாம்புக் கட்டியுடன் சென்று, வெடிப்புகளையும் குழிகளையும் வட்டமிட்டுப் பார்த்தோம். வெயிலால் வந்த வெடிப்பு சில. வேப்பமரத்து வேர் தூக்கிவிட்ட கட்டம் ஒன்று. கிழக்கு மூலையில் நீர் தேங்கும் பள்ளம் ஒன்று. மீதி எல்லாம், அதாவது பாதிக்கு மேல், நாமே கடப்பாரையால் தோண்டியவை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு பந்தல், ஒவ்வொரு பந்தலுக்கும் புதுக் குழி, விழா முடிந்ததும் அதில் ஒரு கூடை மண். அந்த மண் அடுத்த மழையில் கரைந்து பள்ளமாகும். பள்ளத்து விளிம்பு உடையும். உள்ளே நீர் இறங்கி அடிமண் இளகும். பிறகு அதன்மேல் ஒரு வேன் ஏறினால் கட்டமே பிளக்கும். 4 அங்குலத் தளம் பிள்ளைகளின் கால்களுக்காகப் போடப்பட்டது. வண்டிச் சக்கரங்களைக் கணக்கில் வைத்துப் போட்டதல்ல. வாகனம் நிறுத்துவது பற்றி முடிவு செய்வோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். ஞாயிறு திருப்பலி நேரத்து இடநெருக்கடி நமக்கும் தெரியும். லாங் பஜாருக்குள் காரைக் கொண்டு வந்து திருப்புவது எத்தனை பெரிய தபசு என்பதும் தெரியும். அதற்கு வேறு ஏற்பாடு தேடலாம். பிள்ளைகளுக்கு வேறு முற்றம் தேட முடியாது.

ஒருமுறை பழுது பார்த்தும் இருக்கிறோம். வெடிப்புகளின் மேலேயே சிமென்டுப் பாலைத் தடவிவிட்டுப் போனார் வேலைக்கு வந்தவர். இரண்டே மாதத்தில் அது அப்பளம்போல் பெயர்ந்து வந்தது. அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மலிவாக முடியுங்கள் என்று சொன்னவர்கள் நாம். முறையான வேலை இதுதான்: வெடிப்பை உளியால் அகலப்படுத்தி, தூசியை முற்றும் ஊதி எடுத்து, நனைத்து, ஒட்டும் கலவை தடவி, பிறகு அடைக்க வேண்டும். குழிகளைச் சதுரமாக வெட்டி, அடிமண்ணை இடித்து இறுக்கி, கான்கிரீட்டை முழு கனத்துக்கு நிரப்ப வேண்டும். ஈரச் சாக்கு போட்டு 7 நாட்களாவது நனைத்து வர வேண்டும். முழு வலு வர 28 நாட்கள் ஆகும்.

பங்குத்தந்தையின் ஒப்புதலோடு ஒரு யோசனையைப் பேரவையின் முன் வைத்திருக்கிறோம். இந்த யூபிலிப் பந்தலுக்குக் குழி வேண்டாம். லாங் பஜார்க் கடைகளில் காலி எண்ணெய் டின்களுக்குப் பஞ்சமில்லை. டின்னில் ஜல்லியும் மணலும் இறுக்கி நிரப்பி, நடுவே கால் நட்டு, கால்களை ஒன்றோடொன்று குறுக்குக் கட்டையால் பிணைத்து, ஓரங்களைச் சுவரில் கட்டினால் காற்றுக்கு நிற்கும் என்று பந்தல்காரரே சொல்கிறார். டின் ஒன்றுக்கு அடியில் ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டால் தளமும் சிராய்க்காது. கடைக்கார அன்பர்கள் சிலர் டின்களைத் தர முன்வந்துள்ளனர். அவர்களில் நம் பங்கைச் சேராதவர்களும் உண்டு, அவர்களுக்கும் இம்மலர் வழியாக நன்றி.

பழைய குழிகளை அடைக்கும் வேலை விழாவுக்கு ஒன்றரை மாதம் முன்பே தொடங்கும். சாக்கு நனைக்க முறை வைத்துப் பெயர்கள் எழுதப்படுகின்றன. காலை திருப்பலிக்கு வருவோர் ஒரு குடம், மாலை ஜெபமாலைக்கு வருவோர் ஒரு குடம். குடிநீர்க் குழாயிலிருந்து எடுக்க வேண்டும், போர்வெல்லிலிருந்து அல்ல. 28 நாட்களும் தளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும். அதுவரை பிள்ளைகள் ஆலயத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஆடுவார்கள். சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். சந்தையொட்டி வீடுள்ளவர்கள் அந்த 28 நாட்கள் மட்டும் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டிக்கொள்கிறோம்.